பறக்காத பறவையின் படம்

பூநாரைக் கூட்டம் பறக்கும் படத்தை யாராவது காட்டினால் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அதுங்களா எழும்புச்சா, எழுப்பி விட்டீங்களா?"

பலர் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் பூநாரை தூரத்துப் பார்வைக்கு மங்கலான வெள்ளையாகத்தான் தெரியும். சிறகுக்குள் மடங்கிக் கிடக்கும் சிவப்பும் கறுப்பும் விரித்தால்தான் வெளியே வரும். அந்த நிறத்துக்காகத்தான் பழவேற்காட்டில் குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் படகை நேராகக் கூட்டத்துக்குள் விடச் சொல்கிறார்கள். பறவைகள் தண்ணீர்மேல் நாலெட்டு ஓடி, கழுத்தையும் காலையும் நீட்டி எழும்பும். கேமராக்கள் சடசடவென்று அடிக்கும். கூட்டம் தள்ளிப் போய் எங்கேயோ இறங்கும். இறங்கிய இடத்துக்கே படகு மறுபடி திரும்பும்.

எனக்கு மனசு பொறுக்காத விஷயம் இது. கேமராவோடு கடற்கரைக்குக் கிளம்புகிற எல்லோரும் தேடிப் போவது அமைதியைத்தான். ஊரில் கிடைக்காத அமைதி, வேலை நாளில் கிடைக்காத அமைதி. ஆனால் அந்த அமைதி முதலில் பறவையிடம் இருக்க வேண்டும். அதனிடம் இல்லாததை நாம் படத்துக்குள் கொண்டுவர முடியாது.

இதை ஒரு படத்திலிருந்தே படித்துவிடலாம். பூநாரைக் கூட்டத்தின் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு கழுத்துகளைப் பாருங்கள். பூநாரை சாப்பிடும்போது தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டிருக்கும். மேல் அலகு கீழேயும் கீழ் அலகு மேலேயும் இருக்க, நாக்கால் தண்ணீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் இருக்கும் சல்லடையில் சின்னச் சின்ன இறால் வகைகளும் பாசியும் தங்கிவிடும். அதன் சிவப்பு நிறமே இந்தச் சாப்பாட்டில் இருந்துதான் வருகிறது. இளம் பறவைகள் சாம்பலாக இருப்பதும் அதனால்தான். பாதிக்கு மேல் தலைகள் தண்ணீருக்குள் இருந்தால் கூட்டம் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். எப்போதும் நாலைந்து பறவைகள் காவலுக்குத் தலையை நிமிர்த்தி வைத்திருக்கும், அது வழக்கம். எல்லாக் கழுத்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கிவிட்டால் அவை கிளம்ப முடிவெடுத்தாயிற்று. அந்தக் கட்டத்தில் எடுத்த படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயத்தின் படம்தான். சேற்றில் இரை கொத்தும் சிறு கரைப் பறவைகளான உள்ளான்களுக்கும் இதே கணக்கு. இரை கொத்துவதை நிறுத்திவிட்டு, உடம்பை இறுக்கி, கழுத்தை உயர்த்தினால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம்.

பழவேற்காட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்காக. சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர், பொன்னேரி வழியாகப் போக வேண்டும். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி மட்டும் நம் பக்கம். டச்சுக்காரர்கள் இருந்த ஊர், அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

நான் அங்கே போனால் கரையில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு ஜனவரி காலை அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தப் பறவைகளைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் முக்கியமான ஒன்றைப் பார்த்தேன். முழங்காலளவுத் தண்ணீரில் சில பெண்கள் குனிந்து கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு கையும் வேலையாக இருக்க, பிடிபட்ட இறால் நேராகப் பறிக்குள் போகும். அவர்களுக்குக் கொஞ்ச தூரத்தில் பூநாரைகள், தலையைத் தண்ணீருக்குள் விட்டபடி. இரண்டு தரப்பும் ஒரே சேற்றில் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தன. பெண்கள் ஓரடி நகர்ந்தால் பறவைகளும் ஓரடி நகர்ந்தன, அவ்வளவுதான். ஒரு கழுத்தும் பதறி நிமிரவில்லை.

அவர்களில் வயதானவர் ஒருவர் கரையேறி வந்து பறியைக் கொட்டினார். கண்ணாடி போலிருந்த சிறு இறால்கள் துள்ளின. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா கண்ணு, காலைலேர்ந்து இங்கயே குந்திக்கினு கீறே?"

"பூநாரை கிட்ட வருமான்னு பாக்குறேன் ஆயா."

"இப்ப வராது. தண்ணி ஏறட்டும். நடுவுல ஆழமாயிடும், அதுங்களே இந்தாண்ட வரும். நீ மட்டும் எய்ந்து ஓடாத, சொல்ட்டேன்."

சொன்னபடியே வந்தன. ஒரே நேரத்தில் இல்லை. முதலில் சாம்பல் நிறத்தில் ஓர் இளம் பறவை, அதன் பின்னால் இரண்டு மூன்று, அப்புறம் மெதுவாகக் கூட்டத்தின் ஓரம் முழுக்க நகர்ந்து வந்தது. கேமராவை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். அலகு சேற்றைக் கிளறும்போது எழும் சளசளப்பு கரைவரைக்கும் கேட்டது. படகிலிருந்து எடுத்தவர்களுக்கு மோட்டார் சத்தத்தில் இது கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

அந்த ஆயா சொன்னதைக் கரையோரப் பறவைகள் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் வடிந்த நேரத்தில் சேறு அகலமாகத் திறந்துகிடக்கும், பறவைகள் தூரம் தூரமாகச் சிதறி மேயும். ஏறத் தொடங்கினால் அவற்றுக்கு இடம் சுருங்கும், கரையைப் பார்த்து வந்தாக வேண்டும். சென்னைப் பக்கம் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். என்றாலும் தட்டையான சேற்றில் அந்த ஒரு மீட்டர் ரொம்பப் பெரிய பரப்பு. கிளம்புவதற்கு முந்தைய இரவு வானிலை பார்ப்பதுபோல ஏற்ற நேரத்தையும் பார்த்துவிடுங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கும் முன்பே போய் உட்கார்ந்துவிட்டால் நாம் நெருங்க வேண்டாம், அவை நெருங்கிவிடும்.

அடுத்தது வெளிச்சம். நமக்குக் கடல் கிழக்கே. விடியற்காலையில் எல்லோரும் கடலைப் பார்த்து நிற்கிறார்கள், சூரியன் எழும்புவதை எடுக்கிறார்கள், ஏழு மணிக்கெல்லாம் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். சூரியோதயம் எடுக்க வேண்டியதுதான், நானும் எடுக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் கடல் பக்கம் இருக்கிற பறவை வெறும் கறுப்பு உருவமாகத்தான் விழும். திரும்பி நின்றால் கதையே வேறு. கடல் முதுகுக்குப் பின்னால், சூரியனும் முதுகுக்குப் பின்னால், எதிரே கழிவெளி. சோழமண்டலக் கரையின் அமைப்பு அப்படி. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு மணல்திட்டு, அதன் மேற்கே அசையாத உவர்நீர். முட்டுக்காட்டில் அப்படித்தான், பழவேற்காட்டில் பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் ஏரியைப் பார்த்து நின்றாலும் அப்படித்தான். காலை வெயில் முதல் ஒரு மணி நேரம் நேராகப் பறவையின் முகத்தில் விழும். மஞ்சள் மூக்கு நாரையின் முதுகோரம் ஒரு ரோஜா நிறம் இருக்கிறதே, அது தெரிவது இந்த வெளிச்சத்தில்தான். அலையில்லாத தண்ணீர் என்பதால் பறவையின் நிழலும் முழுசாகக் கிடைக்கும். மாலையில் கணக்கு மாறிவிடும். நிலத்தின் பக்கமிருந்து கடலைப் பார்த்து நின்றால் ஆலாக்களும் கடற்காகங்களும் மஞ்சள் வெயிலில் குளித்தபடி வரும். அலைக்குப் பின்னால் வானம் கருநீலமாகிவிடும். எனக்குக் கடலைவிடக் கழிவெளியே பிடிக்கும், ஒளிக்கவில்லை. மாலையை விரும்புகிறவர்களோடு சண்டையும் இல்லை.

ஊரைத் தாண்டிப் போக முடியாதவர்களுக்கு அடையாறு முகத்துவாரம் இருக்கிறது. பெசன்ட் நகரில் ஊரூர் குப்பம் தாண்டி மணலில் நடந்தால் ஆறு கடலைத் தொடும் இடம். 1977 வெள்ளத்தில் இடிந்த பழைய பாலம் பாதியில் நிற்கும். மழைக்காலம் முடிந்ததும் முகத்துவாரம் திறந்திருக்கும், போகப்போக மணல் மூடி வரும். எத்தனை பேர் கூடினாலும், பக்கத்தில் கிரிக்கெட் நடந்தாலும், அந்த ஈர மணலில் பனிக்காலம் முழுக்க உப்புக்கொத்திகள் இருக்கும். மணலின் நிறமே அவற்றுக்கும் என்பதால் நின்றுகொண்டு தேடினால் அகப்படாது. குப்புறப் படுத்தால் தெரியும்.

ஓர் உப்புக்கொத்தியை மட்டும் கொஞ்ச நேரம் தொடர்ந்து பாருங்கள். ஓடும். சட்டென்று நிற்கும். தலையைச் சாய்த்துப் பார்க்கும். மறுபடி ஓடும். சில சமயம் நின்ற இடத்திலேயே ஒரு காலை மட்டும் முன்னால் நீட்டி, ஈர மணல்மேல் நடுங்குவதுபோலப் படபடவென்று தட்டும். முதல்முறை பார்ப்பவருக்குக் கால் வலியோ என்று தோன்றும். மணலுக்குள் இருக்கும் புழுவை அசையவைக்க அது செய்யும் வேலை அது. அசைவு தெரிந்ததும் ஒரு கொத்து. புழு பாதி வெளியே வந்து ரப்பர்போல நீளும். பறவை அதை அறுந்துவிடாதபடி நிதானமாக இழுக்கும், பின்வாங்கும், மறுபடி இழுக்கும். கையளவுகூட இல்லாத இந்தப் பறவை இமயத்துக்கு அப்பால் உயரமான வெட்டவெளிகளில் முட்டையிட்டுவிட்டு இங்கே வந்து மணலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. மார்ச் கடைசியில் போனால் அதன் மார்பு செம்பழுப்பாக மாறியிருப்பதைப் பார்க்கலாம். ஊருக்குக் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளும் நிறம்.

அதன் பக்கத்திலேயே மேயும் கொசு உள்ளான் இன்னும் சிறியது, 20 முதல் 40 கிராம் எடைதான். அது சைபீரியாவின் வடகோடி வரைக்கும் திரும்பிப் போக வேண்டும். பறக்கத் தேவையான கொழுப்பை இங்கே, இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. நாம் ஒருமுறை எழுப்பிவிட்டால் சேர்த்ததில் கொஞ்சம் செலவாகும், மேயும் நேரமும் போகும். ஒரு ஆள் ஒருமுறை செய்தால் தாங்கிக்கொள்ளும். விடுமுறை நாளில் வருகிற ஒவ்வொருவரும் ஆளுக்கொருமுறை செய்தால்?

கேமரா விஷயத்தில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. நீள லென்ஸ் இருந்தால் நல்லது, அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். காலை ஒன்பதுக்கு மேல் ஈர மணலிலிருந்து கானல் எழும்பத் தொடங்கிவிடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அதன் வழியாகத் தெளிவாகப் பார்க்காது. பையில் போட்டுவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள். கொக்கு, நாரை போன்ற வெள்ளைப் பறவைகளுக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் இறகின் கோடுகள் எல்லாம் வெளுத்துப் போகும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ்மேல் ஆவி படியும். துடைத்துக்கொண்டே இருக்காமல், ஊருக்கு வெளியே வந்ததுமே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உப்பை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். சென்னைக் காற்றில் அலமாரிக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிப்பது சர்வ சாதாரணம்.

கருவியைப் பற்றிப் பேசும்போது மா. கிருஷ்ணன் நினைவு வராமல் இருக்காது. 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர், சென்னையில் வாழ்ந்தவர், காட்டுயிர்ப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல பாகங்களை ஒன்றுசேர்த்துத் தானே கட்டிய பெரிய கேமராவுக்கு சூப்பர் பாண்டெரோசா என்று பெயர் வைத்திருந்தார். இன்றைய கேமரா ஒரு நொடியில் எடுக்கும் எண்ணிக்கையை அதில் ஒரு காலை முழுக்க எடுத்திருக்க மாட்டார். அவர் படங்களில் விலங்கு தன் இடத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், சுற்றியிருக்கும் புல்லும் மரமும் சேர்ந்தே இருக்கும். நிறத்தை நம்பாமல் நிற்கிற படங்கள் அவை. பூநாரையின் சிவப்புக்காகப் படகு விடுகிறவர்கள் அவற்றை ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சுற்றியிருப்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றால் சென்னையில் ஒரு சங்கடம் உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. ரேடியல் சாலை ஓரத்தில் நின்றால் பின்னால் லாரிகள், முன்னால் நீலத் தாழைக்கோழிகள், ஊசிவால் வாத்துகள், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளும். எண்ணூரில் கூழைக்கடாக்களுக்குப் பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அமைதியான காட்சி வேண்டும் என்பதற்காகப் புகைபோக்கியை வெட்டிவிட்டுப் படத்தைப் போடலாமா? என் பதில், வெட்டாத படம் ஒன்றும் கட்டாயம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. வெள்ளைப் பறவை பழுப்பாக உட்கார்ந்திருந்தது. மீனவர்களின் வலையும் படகும் எண்ணெயில் ஊறிய செய்தியோடு அந்தப் பறவைகளும் சேர்ந்தே எல்லோர் கண்ணிலும் பட்டன. அதே கழிமுகத்தில் அதற்கு முன் பல பேர் சாதாரண நாட்களில் எடுத்துவைத்த படங்கள்தான் அங்கே என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி. அழகுக்காக எடுத்ததும் ஒருநாள் சாட்சியாக நிற்கும், எடுத்த தேதியும் இடமும் சரியாக இருந்தால்.

கோடைக்கு ஒரு வார்த்தை. வலசைப் பறவைகள் போனதும் சீசன் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். நெட்டைக்கால் உள்ளானும் ஆள்காட்டியும் அந்த வெயிலில்தான் தரையில் முட்டையிடுகின்றன. மண்ணோடு மண்ணாக நாலு முட்டை. ஆள்காட்டி தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் படம் எடுக்க அருமையான வாய்ப்பு என்று நிற்காதீர்கள். காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள். நீங்கள் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் கிடக்கிறது. காகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூட்டின் படத்தை இடத்தோடு வெளியிடவும் வேண்டாம். ட்ரோன் பேச்சே வேண்டாம். அதேபோல ஜனவரியிலிருந்து நீலாங்கரை, பெசன்ட் நகர்க் கரைகளில் இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக மணலில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்களோடு நடந்து பார்க்கலாம், ஃபிளாஷ் மட்டும் அடிக்காதீர்கள்.

எடுத்த படங்களை என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. ஹார்ட் டிஸ்கில் தூங்கவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே பதினைந்து நிமிடம் பார்த்து, பார்த்த பறவைகளை எண்ணிக்கையோடு, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈ-பேர்டு (eBird) இணையதளத்தில் ஏற்றினால் போதும். முகத்துவாரத்தில் செய்யலாம், மொட்டை மாடியிலும் செய்யலாம். உப்புக்கொத்தியா உள்ளானா என்று சந்தேகம் வந்தால் படத்தையும் இணைத்துவிடுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, கால் நிறமும் அலகு நீளமும் தெரிந்தால் பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.